எண்ணெய்க்குள் போன மோதிரம்

பட்டறைக்குள் மோதிரம் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்பது வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டம். மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துப் போட்ட மோதிரத்தைக் கழற்றவே கூடாது என்பது பெண்டாட்டி ஞானகுமாரி போட்ட சட்டம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஃபிட்டர் வேதமுத்து எதற்குப் பயப்படுவான்? நீங்களே சொல்லுங்கள். பூந்தமல்லி ஆசாரி அந்த மோதிரத்தைத் தொளதொளவென்று செய்து தொலைத்திருந்தான். நழுவாமலிருக்க அடியில் நூலைச் சுற்றி, மேலேயும் சுற்றிக் காயக்கட்டு மாதிரி ஆக்கிக்கொண்டு, தினமும் வாசல் காவலைத் தாண்டி வந்துகொண்டிருந்தான் அந்த மகராசன்.

பர்மாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த நேரம் அது. ஆவடிப் பக்கத்துப் பட்டறையில் பட்டாளத்து லாரிகள் பழுது பார்க்கப்பட்டு, குண்டுப் பெட்டிகளோடு வரிசையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. எதற்குள் எது கிடந்தாலும் துரைக்கு அது நாசவேலைதான். விலங்கு மாட்டிவிட்டுத்தான் விசாரணையே.

அன்றைக்குக் கடைசி லாரி. வேதமுத்து அடியில் மல்லாந்து படுத்து, பின்சக்கரங்களுக்கு நடுவே குடம்போலத் தொங்கும் டிபரன்ஷியலுக்கு எண்ணெய் ஊற்றினான். பக்கவாட்டுத் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் பல்சக்கரம் தேயும். கூடினால் கசிந்து பிரேக்கில் இறங்கும். விரலை உள்ளே விட்டு, மடக்கித் தொட்டுப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். ஆள்காட்டி விரலோ முந்தின நாள் சுத்தியல் அடி பட்டு வீங்கிக் கிடந்தது. மோதிர விரலை விட்டான். எண்ணெய் தட்டியது. அளவு சரி. விரலை இழுத்தான்.

விரல் மட்டும் வந்தது.

போச்சு! எண்ணெயில் ஊறிய நூலோடு மோதிரம் உள்ளே போயே போய்விட்டது. மறுபடி விரலை விட்டுத் துழாவினான். எண்ணெய்தான் இருந்தது.

"இன்னாடா, ஆச்சா?" உலகநாதன் மேஸ்திரி குனிந்து பார்த்தார். பதில் வருவதற்குள் தாமே துளையை மூடும் திருகாணியை முடுக்கி, சரி என்று சாக்கட்டியால் குறியும் போட்டுவிட்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல வேதமுத்து எழுந்து நின்றான். சொன்னால் விலங்கு, ஞானகுமாரி கதி அதோகதி. சொல்லாவிட்டாலோ, ஓடுகிற ஓட்டத்தில் மோதிரம் பல்லுக்குள் சிக்கும். பின்சக்கரம் இறுகி நிற்கும். குண்டுப் பெட்டிகளோடு வண்டி குடைசாயும். ஓட்டப்போவது யார்? எதிர்வீட்டுத் துலுக்கானம். இவன் கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நின்று ஆடிய மனுஷன்.

துலுக்கானம் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். "இன்னா புது மாப்ளே, பேயறஞ்ச மாரி கீறே? ஊட்ல சண்டையா?"

வேதமுத்து இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். துலுக்கானத்தின் கண் அந்தக் கையில் விழுந்தது. எண்ணெய் வழியும் விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பின்சக்கரங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. எஞ்சினை அணைத்தான்.

"மேஸ்திரி, டிபரன்ஷியல்ல எண்ணெ பத்தாது. என் கண்ணு முன்னால வடிச்சு அளந்து ஊத்தினாத்தான் வண்டிய எடுப்பேன்."

"நான் குறி போட்ட வண்டிடா!"

"நீ போட்ட குறி. போறது என் உசுரு."

மேஸ்திரி கத்தினார், குதித்தார். துலுக்கானம் அசையவில்லை. வேறு வழியில்லாமல், "வடிச்சுத் தொலை" என்றார்.

வேதமுத்து அடித்துளையின் திருகாணியைக் கழற்றினான். கெட்டி எண்ணெய் சாவகாசமாகத் தட்டில் இறங்கியது. ஏசுவே, ஏசுவே என்று உள்ளுக்குள் அரற்றிக்கொண்டே துளைக்கடியில் கையை ஏந்தினான். உள்ளங்கையில் ஏதோ கனத்தது. மூடிக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை. அப்பாடா! அழுகையே வந்துவிட்டது.

மேஸ்திரி தட்டைத் தாமே வாங்கி அளந்தார். சொட்டுக் குறையவில்லை.

"பாத்தியா? அளவு சரியா கீது! வேணும்னே வண்டிய நிறுத்திக்கினு கீறான். காவல்! புடிங்க இவன. துரைகிட்ட பேசிக்கட்டும்."

இரண்டு சிப்பாய்கள் துலுக்கானத்தை இழுத்து இறக்கினார்கள். அவன் வேதமுத்துவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை மட்டும் லேசாக ஆட்டினான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேதமுத்து பிழைத்துப்போவான். ராத்திரி வீட்டுக்குப் போகலாம். துலுக்கானத்தின் பெண்டாட்டி எல்லம்மா எதிர்வீட்டு வாசலில் நிற்பாள். எங்கே என் புருஷன் என்று கேட்பாள்.

"மேஸ்திரி!" அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து கையை விரித்தான். "என் மோதரம். உள்ள உழுந்துட்சு. அண்ணாத்தே மேல ஒரு தப்பும் இல்ல, உட்ருங்க."

சிப்பாய்களின் பிடி தளர்ந்தது. துலுக்கானம் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப்பாவி! ஒன்னக் காப்பாத்தத்தானேடா நான் பொய் சொன்னேன்!"

மேஸ்திரி அவனையும் பார்த்தார், இவனையும் பார்த்தார்.

"ஓகோ! அப்ப ரெண்டு பேரும் சேந்துதானா?" என்றார். "இழுத்துக்கினு போங்க, ரெண்டு பேரையும்."