ஈயம் தொடாத கை

நளினியின் அம்மா மொரீன் பெரம்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். அப்பா மயிலாப்பூர்க்காரர். அம்மாவின் தாத்தா மார்ட்டின் டெவனி அயர்லாந்திலிருந்து மதராசுக்கு வந்த அச்சுக்கோப்பாளர் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மகள் சம்யுக்தாவுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோதுதான் நளினி அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தாள். மகள் மதிப்பெண் வாங்கி அதை மறந்தும் விட்டாள். நளினியால் விட முடியவில்லை.

டப்ளினில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், பழைய அச்சுத் தொழிலாளர் சங்கப் பதிவேடுகளைப் புரட்டித் தகவல் தருபவர், அவளுக்கு உதவினார். மார்ட்டினின் அப்பா தாமஸும் அச்சுக்கோப்பாளர்தான். நாற்பத்து நான்கு வயதில் கை நடுக்கத்தால் வேலையை விட்டவர். காரணம் என்ற இடத்தில் ஈய நஞ்சு என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்து எழுத்துகள் ஈயத்தில் வார்த்தவை. நாள் முழுக்க அவற்றைத் தொட்டவர்களுக்கு அப்படி வருவது உண்டாம். மார்ட்டினுக்கும் அதுவே. மதராஸ் அச்சகம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த அவர் மகன் ஜோசப்புக்கும், அதாவது மொரீனின் அப்பாவுக்கும், அதுவே. தொழில் தின்ற மனிதர்கள் என்று நளினி வருத்தத்தோடு குறித்து வைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம், வளைகுடாவில் ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டி அவள் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நூலகரின் அடுத்த மின்னஞ்சல் வந்தது.

மார்ட்டினுக்கு ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் இருந்திருக்கிறார்கள். அண்ணன் ஜேம்ஸ் புத்தகம் பைண்டிங் செய்பவர். தங்கை அதே பட்டறையில் அச்சடித்த தாள்களை மடித்துக் கொடுத்தவர். இருவருக்கும் நாற்பதைத் தாண்டியதும் கை ஆடியது, பிறகு கால், பிறகு உடம்பு முழுக்க. ஜேம்ஸ் மனநோய் விடுதியில் இறந்தார். அங்கே அவரைச் சேர்த்த அன்று எழுதிய குறிப்பை நூலகர் படமெடுத்து அனுப்பியிருந்தார்: 'நிற்காமல் ஆடுகிறார். குடிப்பழக்கம் இல்லை. தந்தைக்கும் இவ்வாறே.'

கடைசியில் நூலகர் எழுதியிருந்தார்: இவர்கள் இருவரும் ஈய எழுத்தைத் தொட்டவர்களே அல்ல. நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நளினி டிபன் பாக்ஸை மூடினாள். அம்மா பள்ளி ஆசிரியை. அச்சகத்துக்குள் கால் வைத்ததே கிடையாது. அம்மா கையிலிருந்து தம்ளர் விழும். தெருவில் தள்ளாடி நடப்பாள். குடித்துவிட்டு வருகிறாள் என்று பக்கத்து வீட்டார் பேசினார்கள். நரம்புத் தளர்ச்சி என்றார்கள் டாக்டர்கள். ஐம்பத்து மூன்று வயதில், ஸ்பூனால் ஊட்டினால்கூட விழுங்க முடியாமல் செத்துப்போனாள்.

கம்ப்யூட்டரில் தேடினாள். ஹண்டிங்டன் என்று ஒரு நோயின் பெயர் வந்தது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் தொடங்கும். குணமாக்க மருந்து இல்லை. நளினிக்கு நாற்பத்தொன்று. அண்ணன் அர்ஜுனுக்கு நாற்பத்து நான்கு.

அஜ்மானில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங் மேல் இருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாத்ரூம் கதவைத் தாழிட்டு, இரண்டு கையையும் நீட்டி, நூறு வரை எண்ணினாள். ஆடவில்லை. மறுபடி எண்ணினாள். எழுபதில் சுண்டுவிரல் துடித்த மாதிரி இருந்தது. வெளியே சம்யுக்தா கதவைத் தட்டி, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அர்ஜுன் சாப்பிட வந்தான். ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் பெரிய க்ரேனை ஓட்டுபவன். மனைவியும் பன்னிரண்டு வயது மகள் சுஷ்மிதாவும் சென்னையில். சாப்பாட்டு மேஜையில் அவன் ரசத்தைக் கரண்டியால் எடுக்கவில்லை. கிண்ணத்தோடு சாய்த்து ஊற்றிக்கொண்டான். அப்படியும் பாதி மேஜையில் கொட்டியது. மேஜைக்குக் கீழே அவன் கால் தாளம் போடுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. தாளத்தில் ஒழுங்கு இல்லை.

கணவன் பாலமுரளி மகளோடு கடைக்குப் போனதும் நளினி கேட்டாள்.

"எத்தன நாளா அண்ணா?"

"எது?"

"கை."

அர்ஜுன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். "எட்டு மாசம். டென்ஷன்னு நெனச்சேன். சுகர் பாத்தேன், இல்ல. போன மாசம் ஒரு கண்டெய்னரைக் கப்பல் ஹேட்ச் ஓரத்துல இடிச்சுட்டேன். காத்து அடிச்சுதுன்னு எழுதிக் குடுத்தேன்."

"காத்து அடிச்சுதா?"

"இல்ல."

நளினி மின்னஞ்சலைக் காட்டினாள். அவன் படித்தான். திரும்ப மேலே போய்ப் படித்தான்.

"அம்மாவுக்கு வந்தது இதுதானா?"

"தெரியல. டெஸ்ட் இருக்காம்."

"வேணாம். டெஸ்ட் எடுத்தா ரெக்கார்டுல ஏறும். ரெக்கார்டுல ஏறினா லைசென்ஸ் போச்சு, விசா போச்சு, கலாஸ். யார்கிட்டயும் சொல்லாத. மாப்ள கிட்டகூட."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்களே அண்ணா."

"எனக்குத் தெரியாதா? என் க்ரேனுக்குக் கீழ ஹசன் அலி நிக்கிறான். பதினோரு வருஷமா அவன்தான் நிக்கிறான்." செருப்பைச் சரியாக மாட்டாமலே கிளம்பிப் போய்விட்டான்.

பாலமுரளி வந்ததும் நளினி சொல்லிவிட்டாள். அவன் அவளைப் பற்றியோ மகளைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு உங்க அண்ணனுக்கு டூட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. காலை ஏழு மணி ஷிஃப்ட். மறுநாள் நளினி ஏழு மணியிலிருந்தே ஒன்பது முறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அலுவலகத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து தூரத்தில் க்ரேன்கள் வரிசையாகத் தெரியும். எது அவனுடையது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சிவப்பு கண்டெய்னர் மேலே எழுந்து, பாதி வழியில் நின்று, இடமும் வலமுமாக ஊசலாடியது. கீழே மனிதர்கள் இருந்தால் இந்தத் தூரத்தில் புள்ளியாகக்கூடத் தெரியமாட்டார்கள். துறைமுகப் பாதுகாப்புப் பிரிவின் எண்ணை போனில் போட்டாள். பச்சைப் பட்டனுக்கு மேல் விரல் நின்றது. அழுத்தினால் அண்ணனின் பிழைப்பு போகும். அழுத்தாவிட்டால் என்ன போகும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சிவப்புப் பெட்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் அழுத்தினாள்.

அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதே அர்ஜுனின் அழைப்பு குறுக்கே வந்தது. யாரும் எடுப்பதற்குள் அதைத் துண்டித்துவிட்டு இதை எடுத்தாள்.

"ஏறல நளினி," என்றான். மூச்சு வாங்கியது. "லிஃப்ட் வரைக்கும் போனேன். ஹசன் அலி கீழேர்ந்து கை காட்டினான், என்னைக்கும் போல. திரும்பிட்டேன். சூப்பர்வைசர்கிட்ட உடம்பு சரியில்ல, இனிமே மேல போகமாட்டேன்னு சொல்லிட்டேன்."

நளினி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் சப்ரீனா, காயல்பட்டினத்துக்காரர், இருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். "இதத் தெரிஞ்சிக்கிடணுங்கிற கட்டாயம் ஒங்களுக்கு இல்ல. ஒங்களுக்கு அறிகுறி எதுவும் இல்ல. நல்லா யோசிச்சிட்டு வாங்க," என்று நளினியை ஒரு முறை திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை போனபோது ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வர ஐந்து வாரம். தூக்கத்தில் உருளும் மகளின் கைகளைப் பார்த்து நளினி பயந்தாள். மகள் பேனாவைக் கீழே போட்டாலும் பயந்தாள். ஒரு நாள் தட்டு உடைந்தபோது சத்தம் கேட்டு ஓடிவந்தவள், உடைத்தது பாலமுரளி என்று தெரிந்ததும் அழுதாள்.

அர்ஜுனுக்கு நோய் உறுதியானது. நளினிக்கு இல்லை. டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் காதில் விழுந்தது. அவளுக்கு இல்லை என்றால் சம்யுக்தாவுக்கும் கிடையாது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் ரூம் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்கு இல்லதானே? நல்லது. அழாத. ரெண்டு பேருக்கும் வந்திருந்தா யாரு யாரைப் பாத்துக்கறது?"

கம்பெனி அவனை ஒப்பந்தம் முடியும் வரை பயிற்சிப் பிரிவில் உட்காரவைத்தது. புதியவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை. மார்ச்சில் ஊருக்குப் போகவேண்டும். மனைவியிடம் போனில் சொல்லிவிட்டான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரம்பூரில் மாடிப்படி இல்லாத வீடு பார்ப்பதாகச் சொன்னாள்.

"சுஷ்மிதாவுக்கு?" என்று கேட்டாள் நளினி.

"பதினெட்டு ஆகட்டும். டெஸ்ட் எடுக்கலாமா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும்."

"அதுக்குள்ள ஒன்னப் பாத்துட்டு அவளே கேட்டா?"

அர்ஜுன் வலது கையை இடது கையால் பிடித்துத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். "கேக்கும்போது நீ பக்கத்துல இரு. என் வாயால முடியாது," என்றான்.

நளினி மறுநாளே மார்ச் மாதத்துக்கு லீவ் எழுதிக் கொடுத்தாள்.