ஐந்தாவது ஏன்

...மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சீட்டு பறக்கிறதாம். சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் இரண்டு தடவை கழன்று முத்தம்மாவின் மடியில் போய் விழுந்தன, அதற்காக ஊர்ப் பொதுக்கூடத்தில் இருக்கிற இத்தனை பேரும் சித்திரை வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், சீட்டுக்கு வேர்க்காது, இந்தக் கூடத்தில் சௌகரியமாக இருப்பது அது ஒன்றுதான். வெள்ளைத் தாளில் ஒரு மரம் வரைந்திருக்கிறார்கள். பிரச்சனை மரமாம். இலைகள் விளைவுகளாம், வேர்கள் காரணங்களாம், நடுத்தண்டில் 'ஆம்புலன்ஸ் தாமதம்' என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. கடலுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே கிடக்கிற இந்தக் குப்பத்தில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, இவர்கள் தாளில் நட்டுவிட்டார்கள். அந்த மரத்தில் ஓர் இலை என் வீட்டுக்காரர். மேலே வலது பக்கம், 'மரணம், போன ஆடி' என்று பச்சை மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடுகிறது, விசிறி இல்லாமலே ஆடுகிறது. எழுந்துபோய் அதை அழுத்தி ஒட்டிவிட்டு வரலாமா என்று இருக்கிறது, ஒட்டினால் உடனே குறித்துக்கொள்வார்கள், பாதிக்கப்பட்டவர் ஆர்வத்துடன் பங்கேற்றார் என்று.

இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கி வந்திருப்பவரை எல்லோரும் டாக்டர் என்கிறார்கள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று முதல் நாளே அவராகவே சொல்லிச் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. இது ரொம்பச் சிக்கலான பொதுத்துறைப் பிரச்சனை அம்மா, என்றார் என்னிடம். துறைமுகம், நெடுஞ்சாலை, மாநகராட்சி, போலீஸ், சுகாதாரம் என்று பல கைகள் ஒரே முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம், எந்தக் கை இறுக்கியது என்று சொல்ல முடியாதாம், அதனால் அவசரப்படாமல் ஆய்வை முதலில் திட்டமிட வேண்டுமாம். யாருக்கும் பொறுப்பில்லாமல் ஆக்கிவிட்டு அதற்குச் சிக்கல் என்று பெயர் வைத்தாகிவிட்டது... திட்டமிட ஒரு தடவை வந்தார்கள். திட்டம் சரியா என்று பார்க்க ஒரு தடவை. கேள்விகள் எங்களுக்குப் புரிகின்றனவா என்று சோதித்துப் பார்க்க இன்னொரு தடவை. போன முறை அவர்கள் காரே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது, வந்து இறங்கியதும் அதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார் டாக்டர், மற்றபடி எழுதிவைத்ததைப் படிப்பவர் போலப் பேசுகிறவர், அன்றைக்கு மட்டும் அவர் பேச்சில் உயிர் இருந்தது. ஊருக்கும் இது புதிதில்லை. கடலில் எண்ணெய் மிதந்தபோது வந்தார்கள், கழிமுகத்தில் சாம்பல் படிந்தபோது வந்தார்கள், ராத்திரியில் கண் எரிந்தபோது வந்தார்கள். எந்தக் கேள்விக்கு எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். முத்தம்மா என் விலாவில் இடித்து, "இந்தத் தபா டிபன் பாக்ஸா, பையாமே?" என்கிறாள். பை என்றேன். போன தடவை கொடுத்த பையே கிழிஞ்சிப்போச்சு, கருவாடு தாங்கல, என்று அலுத்துக்கொண்டாள். இறந்துபோனவர் பெயர் என்ன என்று டாக்டர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள், திருவொற்றியூர் கிளை நூலகத்தில் இருக்கிற கதைப் புத்தகங்களை இரண்டு சுற்று முடித்தவள், இருந்தும் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை, அவர் இருந்தபோதும் வந்ததில்லை. முத்தம்மாதான் சொன்னாள், டில்லிபாபு, எழுதிக்கோ நைனா, டில்லி தனியா பாபு தனியா எழுதாத, என்று.

இப்போது 'ஏன்' விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் வேர் கையில் வந்துவிடுமாம், எந்த நாட்டிலோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஏன் தாமதம்? ஊர்த்தலைவர் கிருஷ்ணப்பன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போலச் சொல்கிறார், லாரி வரிசை. ஏன் வரிசை? போகிற வழி ஒன்றுதான். ஏன் ஒன்று? இன்னொன்று போட இடம் ஒதுக்கவில்லை. ஏன் ஒதுக்கவில்லை? ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டுகிறது. எவ்வளவு அழகாகச் சொல்கிறார், நாலு ஏன்களும் வழுக்கிக்கொண்டு போய்விட்டன, டாக்டர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி, வேர் வேராகச் சீட்டு ஒட்டுகிறார். எல்லாம் பொய்யா? இல்லை. அதுதான் இதில் மோசம், ஒவ்வொன்றும் உண்மை, மற்ற நாட்களுக்கெல்லாம் உண்மை, அந்த ஒரு நாளைக்கு மட்டும் பொய். ஜன்னல் ஓரமாக வெற்றி உட்கார்ந்திருக்கிறான், என் நாத்தனார் பையன், தரையையே பார்த்துக்கொண்டு. அவன் பார்க்காமல் பார்ப்பது என்னைத்தான். ஊரே என்னைத்தான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் வாய் திறந்தால் ஒரு சொல் வந்துவிடலாம், வலை என்று, அது வந்துவிட்டால் மரம் வேரோடு சாய்ந்துவிடும், அதன் கீழே வெற்றி இருப்பான்.

வலை யோசனை என் வீட்டுக்காரருடையதுதான். அவர் போன அந்த நாள் ஊரில் லாரி மறியல். மறியல் என்றால் மனிதர்கள் ரோட்டில் உட்காருவது வழக்கம், லாரிக்காரன் பம்பரைக் கொண்டுவந்து முழங்காலில் இடித்து நிறுத்துவான், போலீஸ் வந்து தோளைப் பிடித்துத் தூக்குவான், அரைமணியில் முடிந்துவிடும். அன்றைக்குக் காலையில் அவர், மனுசன் மேல ஏத்துவான், வல மேல ஏத்தமாட்டான், சக்கரத்துல சுத்திக்கினா சாயங்காலம் வரிக்கும் எடுக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும், என்று சொல்லி, எங்கள் பழைய வலையையே தோளில் தூக்கிக்கொண்டு போனார். நீல மிதவைகள் கட்டிய வலை, மிதவைக்கு நீலம் அடித்தது நான். ரோட்டுக்குக் குறுக்கே விரித்தார்கள், இரண்டு பக்கமும் ஆட்கள் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒரு லாரிகூட அதைத் தாண்டவில்லை. சாப்பிட வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார், தெற்கே துறைமுகம் வரைக்கும் ரோட்டில் கிரிக்கெட் ஆடலாம் என்றார். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், நெஞ்சு என்றார். ஆம்புலன்ஸ் எண்ணூர்ப் பக்கமிருந்து சீக்கிரமே வந்தது, அதில் யாருக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களை ஏற்றிக்கொண்டு, நின்றிருந்த லாரிகளை ஒட்டி மணலில் சக்கரம் இறக்கி அந்த டிரைவர் ஓட்டினான். முன்னால் வலை. சைரன் கேட்டதும் எங்கள் பையன்கள் ஓடிவந்தார்கள், வழி விடத்தான் ஓடிவந்தார்கள். ஒரு பக்கம் முனையை விட்டுவிட்டு மறுபக்கம் இழுத்திருந்தால் வலை ஓரத்துக்குப் போயிருக்கும், எந்த முட்டாளும் அப்படித்தான் செய்வான். கரையில் வலை இழுத்துப் பழகிய கைகள் அப்படிச் செய்யாது. இரண்டு பக்கமும் முனையைப் பிடித்து, காலை ஊன்றி, ஒரே மூச்சில் இழுத்தார்கள், மீன்பாடு வரும்போது இழுப்பதுபோல. வலை விறைத்து முழங்கால் உயரம் எழும்பிற்று. வா வா என்று கையை வேறு காட்டினார்கள், டிரைவர் நம்பி முன்னே விட்டான், மொத்த வலையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு முனையை இழுத்த வெற்றிதான் கத்தியோடு வண்டிக்கு அடியில் போனான். உள்ளே இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது. அறுத்து முடித்து, கை முழுக்கக் கிரீஸோடு பின்கதவுப் பக்கம் வந்து, போலாம் போலாம் என்று கதவைத் தட்டியவன், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான், பிறகு என் மடியில் இருந்த தலையைப் பார்த்தான்... ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் இதே கூடத்தில் இதே விசிறிக்குக் கீழே கூட்டம் போட்டார்கள், அன்றைக்கு விசிறி ஓடியது. கிருஷ்ணப்பன் சுற்றி வளைக்கவில்லை. "வலன்ற பேச்சே வெளிய போவக்கூடாது. போச்சின்னா, நம்மாளுங்களே நம்மாள சாவடிச்சாங்கோன்னு எழுதிக்கினு பூடுவாங்கோ. லாரி அப்பிடியே நிக்கும், பசங்க ஜெயில்ல நிப்பானுங்கோ. இன்னாமா மலரு, நீ சொல்லு," என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன, யாரோ டீ சொன்னார்கள். அதிலிருந்து இந்த ஊரைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கிறது. லாரி, லாரி என்று குழந்தைகூடச் சொல்கிறது. அவர் சாவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆம்புலன்ஸுக்குத் தனி வழி வேண்டும் என்ற மனுவின் தலையில் அவர் போட்டோதான் இருக்கிறது, கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ, அவர் தோளை ஒட்டி நின்ற நான் வெட்டப்பட்டிருக்கிறேன். தனி வழி வந்தால் நல்லதுதான். வரட்டும். நாளைக்கு முத்தம்மாவுக்கே நெஞ்சு வலிக்கலாம். ஆனால் பொய்யை முதலில் பேசிவைத்துவிட்டுப் பிறகு கண்ணீர்விடுகிற இந்த முகங்கள்... கேட்பவனுக்கும் வெட்கமில்லை, சொல்பவனுக்கும் வெட்கமில்லை, நான் மட்டும் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தலையாட்டியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பொய்யை என் வாயால் நான் சொன்னதில்லை.

டீ வந்துவிட்டது. டாக்டர் விசிறியைப் போடச் சொல்லிவிட்டு, கிருஷ்ணப்பனோடு நின்று மரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார். கூட வந்திருக்கிற பெண் ஜானட் டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ராயபுரத்துப் பெண், டாக்டரிடம் இங்கிலீஷ், எங்களிடம் எங்கள் பேச்சு. இந்தப் பெண் மேலும் எனக்கு மரியாதை கிடையாது, இருந்தாலும் தரையில் உட்கார்ந்தாள் என்பதைக் கவனித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தபடி, சத்தம் குறைத்துப் பேசினாள். ஆம்புலன்ஸ் எங்கெங்கே நின்றது என்று அந்த வண்டியிலேயே ஒரு கருவி குறித்துவைக்குமாம். அது நின்ற இடமும் நேரமும் இவளிடம் இருக்கிறதாம், சிக்னல் கேமரா படமும் இருக்கிறதாம்.

"வண்டி நின்ன எடத்துக்கு முன்னாடி ரோடு காலியா கீதுக்கா. ஒரு லாரி கெடையாது. அப்புறம் ஏங்க்கா நின்னுச்சி?"

ஐந்தாவது ஏன். டாக்டர் கணக்கில் வராமல், டீ கிளாஸோடு வந்துவிட்டது. முட்டாள்கள் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த கூட்டத்தில் ஒருத்திக்காவது கண் இருக்கிறது, அது எனக்கு எரிச்சலாக இருந்தது, இகழ்வதற்கு என்று இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாளே. ஜன்னல் ஓரத்தில் வெற்றி நிமிர்ந்துவிட்டான். அவனுக்குக் காதில் விழுந்திருக்காது, எங்கள் இரண்டு பேர் முதுகும் போதும் அவனுக்கு. ஒன்பது மாதமாக அவன் கடலுக்குப் போகவில்லை, வலை கிடக்கிற பக்கமே போவதில்லை என்று நாத்தனார் அழுகிறாள். சொல்லிவிட்டால் அவனுக்கும் பாரம் இறங்கிவிடுமோ? இல்லை, கிருஷ்ணப்பன் சொன்னதுபோல போலீஸ் ஜீப்தான் வந்து நிற்குமோ? இந்தப் பெண் எழுதிக்கொண்டால் எங்கே ஒட்டுவாள், வேரிலா, இலையிலா? வலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன், ஆனால் நாக்கு ஏற்கெனவே பழகிய பாதையில் போவதுபோல, தேடாமல், திக்காமல், "லாரிதான்மா," என்று சொல்லிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் கேட்கவில்லை. மெதுவாக, ஒரே ஒரு தடவை, தலையை ஆட்டினாள், எழுந்துபோனாள். வெற்றி தலையைக் குனிந்துகொண்டான். விசிறிக் காற்றில் சீட்டுகள் மறுபடியும் சடசடக்க ஆரம்பித்தன... நாக்கு பழகிய பாதை என்றேனே, எப்போது பழகியது? இந்தச் சொல்லை நான் யாரிடம் சொன்னேன்? ஊர்க் கூட்டத்தில் சொல்லவில்லை, தலைதான் ஆட்டினேன். போலீஸிடம் கிருஷ்ணப்பன் பேசினார். பேப்பர்காரனிடம் முத்தம்மா பேசினாள். அதற்கும் முன்னால்... வண்டி குலுங்கி நின்றதே, சைரன் கத்திக்கொண்டே இருக்க வண்டி மட்டும் நின்றதே, அவர் கண்ணைத் திறந்து, "இன்னாடி நின்னுகீது?" என்று கேட்டாரே. முன்கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது, நீல மிதவை, நான் நீலம் அடித்த மிதவை, ஆம்புலன்ஸ் மூக்கில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. லாரிங்க, என்றேன். ஊர் கூடுவதற்கு முன்னால், கிருஷ்ணப்பன் யோசிப்பதற்கு முன்னால், இந்தப் பதிலை இந்த ஊரில் முதலில் சொன்ன வாய் என் வாய். அவர் மறுபடியும் கேட்கவில்லை. இப்படித்தான், மெதுவாக, ஒரே ஒரு தடவை, தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நம்பிவிட்டார், நிம்மதியாகத்தான் போனார் என்று நானும் இத்தனை நாள்... ஆனால் வலைக்குத் தெற்கே அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு லாரி கிடையாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும், காலையில் காலி செய்துவைத்தவரே அவர்தானே.