குறுகும் சந்தில் பொங்கல் சீர்

நான் மாத்திரை விழுங்கும்போதெல்லாம் எங்கள் சந்து கொஞ்சம் குறுகிவிடுகிறது. அக்காவின் சிறுநீரகத்தை எனக்கு வைத்ததிலிருந்து இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவை விற்று சைக்கிள் வாங்கினார். பிறகு சைக்கிளையும் விற்றுவிட்டுக் குடிமாறினார். என்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்று டாக்டர் மணிமொழியிடம் கேட்டேன்.

"வந்த சிறுநீரகத்தை அடிச்சு விரட்டாம இருக்கத்தான் உடம்போட காவல்காரங்களை மாத்திரையால தூங்க வைக்கிறோம். ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற செல்களும் கூடவே சோர்ந்துடுது. அதுங்க விடுற நைட்ரிக் ஆக்ஸைடு வாயுதான் சுவரைத் தளர்த்தும். வாயு குறைஞ்சா இறுகிடும்."

"சந்துச் சுவருமா டாக்டர்?"

"சுவர்னா எல்லாம்தான்" என்று பிரஷர் கருவியைச் சுருட்டி வைத்தார்.

பொங்கல் வந்தது. கூடப்பிறந்தவளுக்குச் சீர் கொண்டுபோகாத தம்பியை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். அதிலும் இவள் சிறுநீரகம் கொடுத்தவள். என் வீடு சந்தின் முட்டில், அக்கா கோமளவல்லியின் வீடு சந்தின் வாயில். பித்தளைப் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, அரக்குச் சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். பாதி வழியில் பானை இரண்டு சுவர்களிலும் முட்டி நின்றது.

அந்தப் பக்கம் அக்கா கோலத்தின்மேல் நின்றிருந்தாள்.

"அக்கா, ஒரு நாள் மாத்திரையை விட்டுட்டு வரவா? சந்து விரியும்."

"விட்டே, கொன்னுடுவேன். நான் குடுத்ததை உன் உடம்புக் காவல்காரனுங்க அடிச்சுத் துரத்தவா?"

"அப்ப சீர்?"

"கரும்பை நீட்டுடா, போதும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் கொடுத்ததைக் காப்பாற்றக் காப்பாற்ற, கொடுத்தவளுக்கும் எனக்கும் நடுவே வழி அடைபட்டுக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர் வைத்தியம். கரும்பை நீட்டினேன். நுனி அவள் கைக்கு எட்டியது. வேளை ஆகிவிட்டதால் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினேன். சுவர்கள் கரும்பின்மேல் மெதுவாகச் சேர்ந்தன. அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றுபோனது.

பானையையும் சேலையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போது வலப்பக்க அடிவயிற்றிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஏன்டா, எனக்குச் சீர் கொண்டாரலையா?"

சேலையைப் பிரித்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

"கரை நல்லாருக்கு" என்றது.