ஏழாவது மாடியில் ஒரு தங்கை

ஷின் இமாமியா நிலையத்தில் இகுயோ இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் மழை, பெரிதாகவும் பெய்யாது, விடவும் செய்யாது. குடையை விரித்துக்கொண்டு, கைப்பையில் இருந்த கடிதத்தின் உறையில் எழுதி வைத்திருந்த முகவரியைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். அறுபத்தாறு வயதில் ஓசாகாவுக்கு அவள் தனியாக வந்தது இதுதான் முதல் தடவை. கணவரிடம், பள்ளித் தோழி ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கடிதம் வட்டார அலுவலகத்திலிருந்து பத்து நாளைக்கு முன்பு வந்தது. ஹிராய்வா தோகுஜி, வயது அறுபத்தொன்பது, அக்டோபர் மாதம் மருத்துவமனையில் காலமானார். குடும்பப் பதிவேட்டின்படி நீங்கள் அவருடைய தங்கை. எரியூட்டல் முடிந்து அஸ்தி எங்களிடம் இருக்கிறது. பெற்றுக்கொள்ள விருப்பமா, இல்லையா, கட்டத்தில் குறியிட்டு அனுப்பவும். இகுயோ அன்றைக்கே 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டாள். ஆனால் தபாலில் போடவில்லை. பத்து நாளும் அந்தக் காகிதம் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. கடைசியில் அதையே எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். அலுவலகம் காலையில்தான் திறக்கும். ஒரு ராத்திரி தங்க வேண்டும். அண்ணன் கடைசியாக இருந்த விடுதியின் முகவரி கடிதத்திலேயே இருந்தது.

விடுதி வாசலில் வெளிநாட்டுப் பிள்ளைகள் சக்கரப் பெட்டிகளோடு நின்று, எந்த ரயிலில் ஏறுவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஒரு கிழவர் பல் குச்சியோடு வெளியே போனார். கீழ் மாடிகள் பயணிகளுக்கு, மேல் மாடிகள் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கும் ஆண்களுக்கு என்று பிரித்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த மேலாளர் நிஷிகோரி, ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவள் சொன்ன கணவர் வீட்டுப் பெயரைப் பதிந்தார். தோகுஜி இருந்த அறை காலியாக இருந்தால் அதிலேயே தங்கலாமா என்று அவள் கேட்டதும் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

தங்கை என்றுதான் சொல்ல வந்தாள். நாக்கு வேறு சொல்லிவிட்டது.

"ஒண்ணுவிட்ட சொந்தம். ஊர்ல இருந்து வரேன்."

நிஷிகோரி மேற்கொண்டு கேட்கவில்லை. ஏழாவது மாடி ஆண்கள் மாடி, குளியலறை நாலு மணிக்கு மேல் அவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். தோகுஜி அந்தக் குளியலறையில்தான் தலை தேய்த்துக்கொண்டிருந்தபோது சரிந்தாராம். மூன்று நாள் நினைவு திரும்பாமலே போய்விட்டாராம். "நல்ல மனுஷன்மா. பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை கூடச் சத்தம் போட்டது கிடையாது," என்றார். இகுயோ தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த தோகுஜி, கட்டட வேலையில் மேஸ்திரியின் தாடையை உடைத்துவிட்டு இரண்டு வருஷம் சிறையில் இருந்தவன்.

அறையில் மூன்று பாய் அகலத்துக்குத்தான் தரை. ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வைத்திருந்தார்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். இகுயோ கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரு ஆள் இதற்குள் எப்படிக் காலை நீட்டிப் படுத்திருப்பான் என்று யோசித்தாள். அண்ணன் நல்ல உயரம்.

கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் பக்கத்து அறைக்காரர் ஹமாசாகி. எழுபத்து நாலு வயது, ககோஷிமாக்காரர், சாரம் கட்டும் வேலையில் இரண்டு விரலை விட்டவர். மேலாளர் சொல்லியனுப்பியிருக்க வேண்டும்; கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தோகுஜியின் சாமான் இவ்வளவுதான், மற்றதை எல்லாம் அலுவலகத்தார் எடுத்துப்போய்விட்டார்கள், இதை நான்தான் ஒளித்து வைத்தேன் என்று சொல்லி அவள் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு சவரக்கத்தி, ஒரு மூக்குக்கண்ணாடி, கோடைத் திருவிழாவில் நாலு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம், பாதி தீர்ந்த ஒரு கட்டு ஊதுவத்தி. படத்தில் தோகுஜி பாதிக் கண்ணை மூடியிருந்தான். தலை முழுக்க நரை.

ஊதுவத்தி எதற்கு என்று இகுயோ கேட்டாள்.

"அவன் தங்கச்சிக்கு," என்றார் ஹமாசாகி. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இகுயோன்னு ஒரு தங்கச்சி. செத்துப் போச்சே."

இகுயோவின் கை டப்பாவின் விளிம்பில் அப்படியே நின்றது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனார். வருஷா வருஷம் நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி தோகு குடிக்க மாட்டான். மற்ற நாளில் குடிப்பான், அன்றைக்கு ஒரு சொட்டு தொடமாட்டான். சாக்கே மது குடிக்கும் கிண்ணத்தில் அரிசியைப் போட்டு, அதில் ஊதுவத்தியை நட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முதல் வருஷம் என்ன ஏது என்று கேட்டதற்கு இதைச் சொன்னான். அடுத்த வருஷத்திலிருந்து மாடியில் இருக்கிற எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு குச்சி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் அவனே இல்லை, ஆனாலும் விட மனசு வரவில்லை. போன மாதம் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தார்கள்.

"எப்படிச் செத்தாங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் இகுயோ.

"திடீர்னாம். வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தப்பவே போயிடுச்சாம். இவன் கண்ணு முன்னாடி."

இகுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு நவம்பர் இருபத்து மூன்று. விடுமுறை நாள். மகள் தோமோயேவுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் தொத்தோரியில் இவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உங்கள் பக்கம் யார் யார் என்று முன்னமே கேட்டபோது, ஒரு அண்ணன் இருந்தார், நோயில் இறந்துவிட்டார் என்று, கணவரிடம் என்றோ சொன்னதையே சொல்லி வைத்திருந்தாள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. போய்த் திறந்தால் தோகுஜி. முடி வெட்டி, யாருடையதோ தொளதொளத்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பையோடு நின்றான். ஊர்க்காரர் எவரோ கல்யாணச் செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். அவன் குடித்திருக்கவில்லை. மகளுக்கு மாமியாராக வரப்போகிறவள் உள்ளேயிருந்து, வாசலில் யார் என்று கேட்டாள். இகுயோ அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "வீடு மாறி வந்துட்டீங்க போலிருக்கு," என்றாள்.

தோகுஜி கீழே பார்த்தான். வாசலில் விருந்தாளிகளின் செருப்புகள் வரிசையாக வெளிப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளைப் போல இடுப்பு வளைய வணங்கி, மன்னிக்க வேண்டும், தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிப் போய்விட்டான். பையைக்கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

சாயங்காலம் ஹமாசாகி அவளை மாடியின் சமையலறைக்குக் கூப்பிட்டார். தோகுவின் ஊர்க்காரர் ஒருவர் வந்து சாப்பிடாமல் போனால் நன்றாக இருக்காது என்றார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த குராமோச்சி என்ற ஒல்லியான மனிதர் முட்டைக்கோஸ் நிறையப் போட்டு நூடுல்ஸ் வைத்திருந்தார். இன்னும் இரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இகுயோவுக்கு முதல் கிண்ணம் வந்தது.

அவர்கள் தோகுஜியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். போகப் போகப் பேச்சு இகுயோவைப் பற்றி ஆகிவிட்டது. ஏழு வயதில் வாய்க்காலில் விழுந்து, அண்ணன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியதும், அழாமல் 'செருப்பு ஒண்ணு போச்சு' என்றாளாமே. பேரிக்காயை உப்புத் தொட்டுத் தின்பாளாமே. ஓட்டப்பந்தயத்தில் பையன்களையும் முந்துவாளாமே. அவன் சிறையில் இருந்தபோது அவள் ஒருத்திதான் ஒரு தடவை வந்து பார்த்தாளாமே, கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டு. இகுயோவுக்கே அந்தச் சட்டை மறந்துபோயிருந்தது. இந்த நாலு பேருக்கும் நினைவிருந்தது, பச்சை நிறம் என்பது உட்பட.

"அந்தப் பொண்ணு மட்டும் இருந்திருந்தா இவன் இங்க வந்திருக்கவே மாட்டான்," என்றார் குராமோச்சி. "நீங்க பார்த்திருக்கீங்களா அதை? எப்படி இருக்கும்?"

இகுயோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் இகுயோ," என்றாள். "நான் சாகல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தம், மணிச் சத்தம், தான் சொன்ன வார்த்தை, அவன் வணங்கியது. எதையும் குறைக்கவில்லை, தன் பக்கம் ஒரு சமாதானமும் சேர்க்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. குராமோச்சி எழுந்து அதை அணைத்துவிட்டு, "அப்ப நான் பேய்க்கா நூடுல்ஸ் வச்சேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஹமாசாகியின் முகம் சிவந்திருந்தது.

"பன்னெண்டு வருஷம். முட்டி வலிக்க வலிக்க உட்கார்ந்து கும்பிட்டேனே, யாரை?"



"அவன் பொய் சொல்ற ஆளு இல்ல," என்றார் ஹமாசாகி. "தோகு சொன்னதுதான் நிஜம். அந்தப் பொண்ணு அன்னைக்கே செத்துப் போச்சு. நீங்க வேற யாரோ."

எழுந்து போய்த் தன் அறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். இகுயோ கிண்ணங்களைக் கழுவி அடுக்கிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தாள். தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஹமாசாகி இருமுவது விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் வட்டார அலுவலகத்தில் கடிதத்தை நீட்டினாள். குறியைப் பார்த்த ஊழியர், வேண்டாம் என்பதுதானே, இதைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாமே, பொதுக் கல்லறையில் சேர்த்துவிடுவோம், நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை என்று பணிவாகச் சொன்னார். இகுயோ வேறொரு படிவம் கேட்டாள். அரைமணி நேரத்தில் வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு பெட்டி அவள் கைக்கு வந்தது. வெளியே வந்து மழையில் நின்றபோதுதான் குடையை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பப் போகவில்லை. கோட்டுக்குள் பெட்டியை அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நேரே நிலையத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். கால் விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஏழாவது மாடியில் ஹமாசாகியின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளேதான் இருக்கிறார் என்று குராமோச்சி சைகையால் காட்டிவிட்டுப் போனார். இகுயோ எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பெட்டி மடியில் இருந்தது. துப்புரவுக்காரம்மா ஒரு தடவை சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். பதினொன்றரை மணி ரயில் போயிருக்கும். வயதானவர், எவ்வளவு நேரம்தான் அடக்குவார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கழிப்பறைக்குப் போகக் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தாண்டிப் போனார். திரும்பி வந்து நின்றார்.

"ஊருக்குப் போகலையா?"

"நீங்க பார்க்காம கொண்டு போக மனசு வரல."

ஹமாசாகி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விரல் இல்லாத கையால் துணியின் முடிச்சைத் தடவினார். எண்பது கிலோ இருந்தான், தூக்கிக்கொண்டு படி இறங்க நாலு பேர் வேண்டியிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன சொல்லுவீங்க? இதுவும் வீடு மாறி வந்ததுன்னா?"

"அண்ணன்னு சொல்லுவேன்."

"பார்ப்போம்," என்றார் ஹமாசாகி. நம்பியதாகத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வழியனுப்ப யாரும் கீழே வரவில்லை.

அன்று சாயங்காலமே இகுயோ கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை, ஆனால் அதற்கப்புறம் வெகுநாள் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. குடும்பக் கல்லறையில் இடம் கேட்டதற்கு அவருடைய மூத்த அண்ணன் முடியாது என்றுவிட்டார். தோமோயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, எனக்காகவா அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல இகுயோவுக்கு வாய் வரவில்லை. தேநீர் குடிக்காமலே மகள் கிளம்பிப் போனாள். தோகுஜி, தோமோயே முன்பு படித்துக்கொண்டிருந்த மாடி அறையில், அலமாரிக்குப் பக்கத்தில் தங்கிவிட்டான்.

பிப்ரவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் இகுயோ விடுதிக்குத் தொலைபேசி செய்து ஹமாசாகியைக் கூப்பிடச் சொன்னாள். அவர் கீழே இறங்கி வர நேரமாயிற்று. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். கல்லறை கிடைக்கவில்லை, வீட்டிலேயே இருக்கிறார் என்றாள். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றார் ஹமாசாகி. கொஞ்சம் பொறுத்து, "அவனுக்குக் குளிர் ஆகாது. ஜன்னல் பக்கம் வைக்காதீங்க," என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.