ஃபெதோஸ்யாவிடம் கேட்க வேண்டியது

நோன்புக்கு முந்தைய ஞாயிறு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். அப்பம் சுட்ட வெண்ணெய் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எஜமானி ஸினயீதா லுவோவ்னாவின் முன் தரைவரை குனிந்தார்கள்.

"பாவியை மன்னிச்சிருங்கம்மா."

"கடவுள் மன்னிப்பார். நீயும் என்னை மன்னிச்சிரு."

வருஷா வருஷம் சொல்வதால் அந்த ரஷ்ய வாக்கியம் எஜமானிக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதற்கு மேல் அவளுடைய ரஷ்ய மொழி 'கொண்டு வா', 'எடுத்துப் போ' என்பதோடு சரி. தொட்டிலிலிருந்தே பிரெஞ்சுக்காரத் தாதி வளர்த்த பெண். அழுததும் காதலித்ததும் பிரெஞ்சில்தான். வேலைக்காரர் காதில் விழக்கூடாததைப் பேசவும் அதே மொழி. எஜமானர்கள் பிரெஞ்சுக்கு மாறினால் வேலைக்காரர்கள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டதே ஸினயீதாதான்.

இப்போது கணவர் இல்லை. மகன் பீட்டர்ஸ்பர்கிலிருந்து எட்டிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பெரிய மாளிகையில் பிரெஞ்சு புரிந்த ஒரே ஜீவன் கிழட்டு நாய்தான். பெரிய இடத்துப் பிழைப்பு இப்படியும் முடியும்.

கடைசியாக ஃபெதோஸ்யா வந்தாள். எஜமானியின் கல்யாண நாளிலிருந்து அவளுக்குத் தலைவாரி விடும் பண்ணையடிமை. அவளுடைய ஒரே மகள் உல்யானாவை, உறவுக்காரி ஒருத்தி கேட்டாள் என்று, பழைய சால்வையைக் கொடுப்பது போலத் தூரத்துப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டாள் ஸினயீதா. பெண் அங்கே காய்ச்சலில் செத்துப்போனாள். ஃபெதோஸ்யா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் அதே கைகள் தலைவாரின. அந்த மௌனம் ஸினயீதாவை அரித்துத் தின்றது. இன்றாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், மனப்பாட வாக்கியத்தில் இல்லாமல்.

"பாவியை மன்னிச்சிருங்கம்மா."

ஸினயீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபெதோஸ்யா, உல்யானா... நான்..."

ரஷ்ய மொழி அங்கேயே நின்றுவிட்டது.

மகள் பெயரைக் கேட்டதும் ஃபெதோஸ்யாவின் முகம் நிமிர்ந்தது. "உல்யானாவுக்கு என்னம்மா? சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அந்தக் கண்களைப் பார்த்ததும் எல்லாம் உடைந்தது. தன் அலட்சியத்தை, வெட்கத்தை, தூங்காத இரவுகளை ஸினயீதா கொட்டத் தொடங்கினாள். அத்தனையும் பிரெஞ்சில்.

ஃபெதோஸ்யாவின் முகம் மெல்ல மூடிக்கொண்டது. பிடித்திருந்த கையைப் பக்குவமாக விடுவித்துக்கொண்டு, குனிந்து வணங்கி, பின்புறமாகவே நடந்து வெளியே போனாள். கதவை ஓசையில்லாமல் சாத்தினாள்.

ஸினயீதாவால் நிறுத்த முடியவில்லை. மீதியையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாய் எழுந்து வந்து வாலை ஆட்டியது.