ஆலாவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னவன்

1.

ஒரு உண்மையை ஒளித்துவைக்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போகப்போகத் தைரியம் குறைந்துவிடும்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "காசிமேட்டுக் கடல்மேல் வெள்ளை இறகுகளை விரித்தபடி ஓர் ஆலா..."

இல்லை. கோதண்டம் பார்த்தபோது அது எதையும் விரித்திருக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, பிழிந்துபோட்ட துணிபோலக் கிடந்தது.

கோதண்டம் விசைப்படகில் இருபத்தாறு வருடம் டிரைவராக இருந்தவன். முழங்கால் போனபிறகு ராயபுரத்தில் இரண்டாம் மாடி வீட்டோடு சரி. கடலில் ஆலாக்கள் கூட்டமாய்த் தாழ இறங்கினால் கீழே மீன் இருக்கிறது என்று அர்த்தம். உடனே படகை அந்தப் பக்கம் திருப்புவான். அத்தனை வருடம் தூரத்தில் பார்த்த பறவையை அன்றுதான் கையில் எடுத்தான்.

"இன்னா இது, கனமே இல்ல. காலி தீப்பெட்டி மாதிரி கீது."

அவன் மனைவி பூவம்மா குளியலறை வாசலில் நின்றாள். "காக்கா தொரத்திகினு வந்துச்சு. ஜன்னல் வழியா பூந்துடுச்சு. பறவைங்கள பாக்குற ஆளுங்க கீறாங்கோ, மொதல்ல அவங்களுக்கு போன் போடு."

"இரு. நம்ம ஆளக் கேக்கலாம். அவன் புக்கெல்லாம் எழுதுறவன்."

(நம்ம ஆள் என்பது நான்.)

2.

இந்த இடத்தில் முன்பு சுயம்பு என்றொருவன் இருந்தான். கோதண்டத்தின் எதிர்வீட்டுக்காரன், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன். மூன்று வரைவுகளில் அவனைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். கதையில் அவனுக்கு ஒரே ஒரு வசனம்தான். அந்த வசனத்தை என்னைத் தவிர வேறு யாராவது பேசவேண்டியிருந்தது.*

* சுயம்பு என்று யாரும் இல்லை. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

நடந்தது இது. காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. நானும் கோதண்டமும் பள்ளித் தோழர்கள். பேசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

"மாமு, வூட்ல ஒரு ஆலா வந்து வுழுந்து கீது. கண்ண மூடி மூடித் தொறக்குது. இன்னா பண்றது, சொல்லு."

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆலா என்ற சொல்லை இரண்டு கதைகளில் பயன்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் என்னைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. (இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்து நீக்கினேன். ஐந்தாவது முறை அப்படியே விட்டுவிட்டேன்.)

"தாகமா இருக்கும்டா. அலகத் தெறந்து தண்ணி ஊத்து."

"ஊத்தலாமா? ஒண்ணும் ஆவாதே?"

"ஊத்துடா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

3.

இருமல் மருந்து மூடியால் ஊற்றினான். முதல் மூடி வெளியே வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று. அவன் பூவம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவதில் ஆலா கழுத்தை உதறியது. அதன்பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குமிழி உடைவதுபோல் சத்தம்.

"வுடுய்யா! அதுக்குப் பொற ஏறிக்கிச்சு!"

பூவம்மாதான் போன் நம்பரைத் தேடி ஃபர்ஹானை அழைத்தாள். அவர் வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அடிபட்ட பறவைகளை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அரைமணி நேரத்தில் வந்து, குனிந்து அந்த மூச்சைக் கேட்டார்.

"வாயில தண்ணி ஊத்துனீங்களா நைனா?"

கோதண்டம் தலையாட்டினான்.

"ஊத்தவே கூடாது. நுரையீரலுக்குப் பூடும். ஒரு அட்டப்பெட்டில துணி போட்டு, இருட்டா, சூடா வெச்சிருந்தாலே போதும். யார் ஊத்தச் சொன்னது?"

பூவம்மா கணவனைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல," என்றான் கோதண்டம். "நானாத்தான் ஊத்துனேன்."

ஃபர்ஹான் பெட்டியோடு கீழே இறங்கி வண்டியை எடுப்பதற்குள் ஆலா இறந்துவிட்டது.

4.

முடிவு அ: ஆலா தேறிவிடுகிறது. கோதண்டம் அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுகிறான். அழகாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: வரும்போதே அது சாகும் நிலையில்தான் இருந்தது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும்—

இதை ஃபர்ஹானைத் தேடிப்போய்க் கேட்டேன். "இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது," என்றார். எத்தனை சுலபமாகச் சொன்னார்.

மறுநாள் கோதண்டத்திடம் விசாரித்தபோது, "பூட்ச்சு மாமு. நோவு முத்திப்போச்சு போல," என்று மட்டும் சொன்னான். உடனே அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று கேட்டான். மற்றதையெல்லாம் ஒரு வாரம் கழித்துச் சொன்னது பூவம்மா.

"உங்களாண்ட சொல்ல வேணாம்னு சொல்ச்சுண்ணா. மனசு ஒடிஞ்சு பூடுவீங்களாம்."

5.

ராயபுரம் எனக்கு ஒரு மணி நேரப் பயணம். இந்தக் கதைக்கு இருபத்துமூன்று நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி இப்படித் தொடங்குகிறது: கோதண்டம் கதவைத் திறக்கிறான். நான்

அதற்குமேல் நகரவில்லை. கதை அச்சில் வந்தால், பூவம்மா அதை அவனுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவாள். எனக்காக அவன் சொன்ன பொய்யை ஊரறிய நான் உடைத்ததாக ஆகும். வராவிட்டால், காலமெல்லாம் அந்தப் பொய்க்குப் பின்னால் நான் ஒளிந்திருப்பேன்.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அனுப்பிவிட்டேன். நேரில் போய்ச் சொல்லிவிட்டு அனுப்பினேனா, சொல்லாமல் அனுப்பினேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நல்லவன் ஒருவனை எழுத உங்களுக்கு வருமென்றால், அவனைக் கோதண்டம் வீட்டுப் படிகளில் ஏற்றிவிடுங்கள்.