கறுத்த பெட்டிக்குக் கண்ணுமணி நாலு

கூத்தையாவுக்குப் பாட்டுக் கிறுக்கு என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது. இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் குறித்து அனுப்புகிற டைம் கீப்பர் வேலை அவனுக்கு. எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதும் அவன்தான். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவான், சாயங்கால பஸ்ஸில் திரும்புவான். தோளில் எந்நேரமும் ஒரு கறுப்பு டேப் ரிக்கார்டர் தொங்கும்.

சினிமாப் பாட்டு என்றால் அவனுக்கு முகம் கோணிப்போகும். நடவுப்பாட்டு, தெம்மாங்கு, தாலாட்டு, கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு என்று இருநூறு கேசட்டுக்கு மேல் பதிந்து அலமாரியில் அடுக்கியிருந்தான். பாட்டின் மேல் இருந்த பிரியத்தில் கால்வாசியாவது பாடுகிற ஆட்கள் மேல் இருந்ததா என்று கேட்டால், இல்லை. காலையிலிருந்து குனிந்து நட்டு இடுப்பு விட்டுப்போன பொம்பளைகளிடம் போய், "போன வருசம் இந்த எடத்துல ராகத்த ரெண்டு சுத்து இழுத்தீக, இப்ப ஒரு சுத்தோட விட்டுட்டீகளே" என்று குறை சொல்லுகிற ஆள். அவர்களும் சிரித்துக்கொண்டு ரெண்டு சுத்து இழுப்பார்கள்.

அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. பக்கத்து ஊர் இருளம்மாளின் ஒப்பாரி.

இருளம்மாள் களை வெட்டப் போகிறவள். பத்து ஊரில் எங்கே சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போனதும் பாடிவிட மாட்டாள். முதலில் கொல்லைப்புறம் போய் அந்த வீட்டுப் பொம்பளைகளோடு உட்கார்ந்து, "என்ன குறை வச்சுட்டுப் போனா?" என்று கேட்பாள். செத்தவள் வாய்விட்டுச் சொல்லாமல் போனதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, அதைச் செத்தவளே பாடுகிற மாதிரி பாடுவாள். பாட்டுக்குள் யாருக்கு அடி விழுகிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அடி வாங்குகிறவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். சாவு வீட்டில் அதற்குக் கோபப்பட முடியாது. கொல்லைப்புறத்தில் நடக்கிற இந்தப் பேச்சு ஆம்பளை காதுக்கு வருவதில்லை, கூத்தையா காதுக்கும் வந்ததில்லை.

"ஒரே ஒரு தடவ எங்க வீட்டுல வந்து ஒக்காந்து பாடுங்கக்கா, பதிஞ்சுக்கிறேன்" என்று நாலு வருடமாக அவளைச் சுற்றி வந்தான்.

"பொணம் இல்லாம ஒப்பாரி பாடக்கூடாது தம்பி. பாடுனா அது பொணத்தத் தேடிக்கிட்டு வந்துரும்" என்று அவள் கையை உதறிவிட்டாள்.

சரி, பிணம் உள்ள இடத்துக்குப் போவோம் என்று கிளம்பினான். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நின்றான். ஆனால் டேப்பை எடுத்ததும் செத்தவர்களுடைய பங்காளிகள் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பிறகு அவன் சாகப்போகிறவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே போக ஆரம்பித்தான். இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழவர்களின் கட்டில் பக்கம் உட்கார்ந்து, "கஞ்சி எறங்குதா?" என்று கேட்பான். இறங்குகிறது என்றால் அவன் முகம் வாடிப்போகும். அவன் பெண்சாதி வீரலட்சுமிக்கு இது தெரியும், தெரிந்து அவள் அவனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவன் ஆத்தா சோலையம்மாள் வீட்டிலேயே கண் தெரியாமல் தட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். ரெண்டு கண்ணிலும் புரை. எண்பத்தெட்டாம் வருடம் மாசியில் இராமநாதபுரத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். ஒருநாள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தால் போதும், சல்லிக்காசு செலவில்லை. வீரலட்சுமி பத்து நாளாக அவனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

முகாமுக்கு முதல் நாள், டிரைவர் சதக்கத்துல்லா வாயை விட்டுவிட்டார். "ஏர்வாடி தர்காவுக்கு வடக்கேருந்து பக்கீர்மார் வந்திருக்காகப்பா. கஞ்சிரா தட்டி பைத்துப் பாட்டுப் பாடுறாக, அப்பிடியே கல்லும் கரையும். நாளைக்குக் காலையில கெளம்பிருவாகளாம்."

மறுநாள் விடியுமுன் கூத்தையா டேப்பைத் தூக்கிக்கொண்டு ஏர்வாடிக்குப் போய்விட்டான். சோலையம்மாள் பெட்டியின் அடியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்துக் கட்டி, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, வாசலில் போய் நின்றாள். வீரலட்சுமி கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நகர முடியாமல் கிடந்தாள். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிழவி, "கூத்தையா வந்துட்டானா?" என்று கேட்டாள். மத்தியானம் வரை கேட்டாள். சாயங்காலம் அவன் வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினான். "முகாமு அடுத்த வருசமும் வரும் ஆத்தா. பக்கீருக வருவாகளா?" என்றான்.

ஒரு மாதம் கழித்து அவள் ஊருணிப் படியில் கால் வைத்ததாக நினைத்துக் காற்றில் வைத்தாள். இடுப்பு முறிந்தது. நாற்பது நாள் கிடந்து, சித்திரை முடிவதற்குள் போய்ச்சேர்ந்தாள்.

கூத்தையா அழவில்லை என்று சொல்ல முடியாது. அழுதான். ஆனால் அழுதுகொண்டே ஆள் அனுப்பிய முதல் இடம் தாய்மாமன் வீடு இல்லை, இருளம்மாள் வீடு. அடுத்ததாகக் கடைக்குப் போய் டேப்புக்கு நாலு புது பேட்டரிக் கட்டை வாங்கி வந்தான். பெண்சாதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய், அங்கே வந்து உட்கார்ந்திருந்த இருளம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

தலைமாட்டில் நிறைமரக்கால் நெல்லும் விளக்கும் வைத்திருந்தார்கள். விளக்குக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் பொத்தானை அமுக்கினான். தன் வீட்டுச் சாவில் அவனை யார் தள்ளுவது? இருளம்மாள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, சோலையம்மாள் காலைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"கறுத்த பெட்டிக்கு நீ
கண்ணுமணி நாலு வச்சே
கண்ணவிஞ்ச ஆத்தாள
காத்திருக்க வச்சுப் போனே
பச்சைச் சீலை கட்டி – மகனே நான்
பாதை பாத்து நின்னேனே…"

கூடியிருந்த பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கூத்தையா மட்டும் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் டேப் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டான். நாலு வருடத் தவம் பலித்தது அவனுக்கு.

பச்சைச் சீலை அடி முடிந்ததும் இருளம்மாள் நிறுத்தினாள். நாலைந்து நொடி அவள் குரலே இல்லை. பிறகு குரல் உடைந்து அடுத்த அடியை எடுத்தாள். அந்த மௌனம் இருக்கிறதே, அதில்தான் கூத்தையா விழுந்து கிடந்தான். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான். ஒரே ஒரு எரிச்சல். அந்த மௌனத்துக்குள் எவனோ ஒரு ஆம்பளை குசுகுசு என்று ஏதோ சொல்கிறான். பங்காளிகளில் எந்த மூதேவி அது என்று திட்டுவான். குமிழைத் திருகிச் சத்தத்தைக் கனமாக்கி அந்தக் குரலை அமுக்கப் பார்த்தான். முழுசாகப் போகவில்லை.

இருபது பிரதி எடுத்து பஸ்களுக்குக் கொடுத்தான். சாவுப் பாட்டை வண்டியில் போடுவதா என்று முதலில் தயங்கிய சதக்கத்துல்லா, ஒருநாள் போட்டார். பஸ் முழுக்கப் பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த நாள் ஜனங்களே கேட்டார்கள். தாய்மார்கள் மகன்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு ரெண்டு பேர் தங்கள் ஆத்தாமாரை மதுரைக்குக் கண் ஆபரேசனுக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் கூத்தையாவைக் கண்டால் எழுந்து நிற்பார். "இதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்யா" என்பார். வீட்டில் வீரலட்சுமிகூட மறுபடி பேச ஆரம்பித்தாள், பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள்.

கடைசியில் நம் ஜனத்துக்கு ரசனை வந்துவிட்டது என்று கூத்தையா நினைத்துக்கொண்டான். பாட்டுக்கு ஒரு விளக்கமும் நோட்டில் ஆறு பக்கம் எழுதினான். அதை யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் சொல்வதற்கென்று பத்திரமாக வைத்திருந்தான்.

மேடையும் வந்தது. மறுவருட ஆயுத பூஜைக்கு பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். இருளம்மாளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று முதலாளிமாரிடம் பேசி ஏற்பாடு செய்தவனே கூத்தையாதான். அவளைக் கூப்பிடக் காட்டுக்குப் போனபோது, அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எதுக்கு தம்பி சால்வையெல்லாம். ஆனா நீ கூப்புட்டா வாரேன். நீ செய்யிறது லேசுப்பட்ட காரியமில்ல" என்றாள். பாட்டுச் சேகரிப்பைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

காலை பத்து மணிக்குக் கச்சேரி. வாழை கட்டி சந்தனம் தெளித்த பஸ்கள் வரிசையாக நின்றன. பரமக்குடியிலிருந்து வந்த கச்சேரிக்காரர்களுக்கு இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாது. எங்கோ ஒரு பஸ்ஸில் கேட்ட மெட்டு நன்றாக இருக்கிறதே என்று எடுத்து, வேகத்தைக் கூட்டி, டிரம்ஸும் கீபோர்டும் வைத்து டப்பாங்குத்தாக ஆக்கியிருந்தார்கள். "கறுத்த பெட்டி, கறுத்த பெட்டி, கண்ணுமணி நாலு வச்சே" என்று மினுக்குச் சட்டைக்காரன் குதித்துக்கொண்டு பாடினான். விடலைக் கிளீனர்கள் விசிலடித்து ஆடினார்கள். பெரியவர்கள் நெளிந்தார்கள். அந்த மௌனம் வருகிற இடத்தில் டிரம்ஸ்காரன் நாலு அடி அடித்து நிரப்பினான்.

கூத்தையாவுக்குப் பொறுக்கவில்லை. மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினான்.

"நிறுத்துங்கய்யா. பாட்ட எடுத்துப் பாடுறது பெருசில்ல, வெளங்கிப் பாடணும். அந்த மௌனந்தான்யா பாட்டோட உசுரு. அதுல போயி டிரம்ஸ அடிக்கிறீக. கறுத்த பெட்டின்னா என்னன்னு தெரியுமா? சீதனப் பெட்டி. அந்தக் காலத்துத் தேக்குப் பெட்டி. நாலு மூலைக்கு நாலு பித்தளக் குமிழு, அதான் கண்ணுமணி. பச்சைச் சீலைன்னா கல்யாணச் சீலை. செத்தவ பொண்ணா வந்து நின்ன நாளச் சொல்றா."

சதக்கத்துல்லா மேடைக்கு ஓடி வந்து அவன் கையைப் பிடித்து, "வேணாம்பா, எறங்கு" என்றார். கூத்தையா கையை உதறிவிட்டு, நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்த இருளம்மாளிடம் மைக்கை நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்கக்கா, சனத்துக்கு வெளங்கட்டும்."

இருளம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சனத்துக்கு வெளங்கி ஒன்றரை வருசமாச்சு தம்பி. நெசமாவே ஒனக்கு வெளங்கலையா?"

அவன் மைக்கை இன்னும் கிட்டத்தில் நீட்டினான்.

"கறுத்த பெட்டி ஒந்தோள்ல தொங்குது பாரு, அதான். கண்ணுமணி நாலும் நீ அன்னைக்கு வாங்கியாந்த பேட்டரிக் கட்டை. பச்சைச் சீலை கட்டிக்கிட்டு ஒங்க ஆத்தா நின்னது கண்ணு முகாமுக்கு. ஒம்பொஞ்சாதி சொல்லித்தான் பாடுனேன்."

மைக் அவள் வாய்க்கு நேராகவே இருந்தது. அவன் கை அதை இறக்க மறந்துவிட்டது.

"நீ அத பஸ்ஸு பஸ்ஸாப் போடவும், மகன் தன் பாவத்தத் தானே ஊரறியச் சொல்லிக் கழிக்கிறான்னு நெனச்சேன். ஊரே அப்பிடித்தான் நெனச்சுச்சு. அந்த மரியாதைக்குத்தான் இன்னைக்கு வந்தேன்."

அப்போதும் கூத்தையா கேட்டது என்ன தெரியுமா? "அந்த மௌனம், பச்சைச் சீலைக்கு அப்புறம் நிறுத்துனீகளே…"

"நானா நிறுத்துனேன்? நீ பெட்டியப் பாக்குறேன்னு ஆத்தா பொணத்தக் காலால தாண்டி வந்த. பாத்துட்டு எனக்கு வாய் வரல."

சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். மினுக்குச் சட்டைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சாமிப் பாட்டை ஆரம்பித்தான்.

பொம்பளைகள் பக்கம் வீரலட்சுமி எழுந்து நின்றிருந்தாள். அவன் பந்தலை விட்டு வெளியே வந்ததும் எதிரே வந்தாள். "தெரிஞ்சுதான் போடுறீகன்னு நெனச்சேன். அதுக்காகத்தானே இந்த மனுசன் கூட இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். அதற்கும் கிளம்புகிற நேரத்தை அவன்தான் நோட்டில் குறித்தான்.

மாலையில் வீடு வந்து, ஆளில்லாத வீட்டில் டேப்பைப் போட்டான். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக மெட்டை விட்டுவிட்டுச் சொல்லைக் கேட்டான். பச்சைச் சீலை அடி வந்தது, மௌனம் வந்தது. சத்தத்தைக் கூட்டி, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தான். அந்தக் குசுகுசுப்புக் கேட்டது. பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் இந்த ஜில்லாவே தினமும் கேட்கிற குரல்தான் அது, கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். அவன் இத்தனை நாளும் மூதேவி என்று திட்டித் தீர்த்த அந்த ஆள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான்.

"நிறுத்தாதீக அக்கா. நல்லா வருது."